குஞ்சுக்கு வெப்பம், கோழிக்குக் காற்று

குளிர் என்பது காற்றின் வெப்பநிலையை மட்டும் குறிக்கும் தனித்த அளவு அன்று. ஓர் உயிரின் உடலுக்கும் அதனைச் சூழ்ந்த காற்றுக்கும் இடையே நிலவும் உறவே குளிர் எனப்படுகிறது. தமிழகச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களின் பின்னிரவில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது, இறகு முற்றிய கோழிக்கு அது இதமான இரவாகவும், அதே கூரையின் கீழ் அன்று காலையில் பொரித்த குஞ்சுக்கு உயிரைப் பறிக்கும் இரவாகவும் அமைகிறது. இந்த வேறுபாட்டைக் கருதாமல், பனிக்காலம் தொடங்கியதும் பெரிய கோழிகளின் கொட்டகையை நாற்புறமும் சாக்கினால் இறுக மூடிவிட்டு, குஞ்சுகளுக்கு மேல் ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டு அமைதி கொள்ளும் வழக்கம் பலரிடம் காணப்படுகிறது. குஞ்சுக்கு வேண்டுவது வெப்பம், வளர்ந்த கோழிக்கு வேண்டுவது உலர்ந்த காற்று என்பதும், இவ்விரண்டும் இடம் மாறி வழங்கப்படுவதே பனிக்கால இழப்புகளுக்கு முதன்மையான காரணம் என்பதும் இச்சொற்பொழிவின் கருத்தாகும்.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை 41 முதல் 42 டிகிரி வரை இருக்கும். மனிதனுடைய உடல் வெப்பத்தைவிட இது நான்கைந்து டிகிரி மிகுதி. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் உடலோ ஏறத்தாழ 39 டிகிரியில்தான் தொடங்குகிறது. பெரிய கோழியின் நிலையை அது எட்டுவதற்கு ஏறக்குறைய பத்து நாள்கள் ஆகின்றன. வெளியே வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் உள்வெப்பத்தை நிலையாகக் காக்கும் ஆற்றல் முழுமையாகக் கைகூடுவதற்கு மேலும் ஓரிரு வாரங்கள் வேண்டும். அதுவரை குஞ்சு, பறவை இனத்தில் பிறந்திருந்தும், சூழலின் வெப்பத்தையே பெரிதும் சார்ந்து வாழும் பல்லியையும் பாம்பையும் ஓரளவு ஒத்திருக்கிறது. பாலூட்டிகளின் குட்டிகள் பலவற்றுக்குப் பழுப்புக் கொழுப்பு என்னும், எரிந்து வெப்பம் தருவதற்கென்றே அமைந்த ஒருவகைக் கொழுப்பு உடலில் உண்டு. பறவைகளுக்கு அது இல்லை. ஆகவே குஞ்சு தன் தசைகளை நடுங்கச் செய்துதான் வெப்பம் உண்டாக்க வேண்டும். நடுங்குவதற்கு வேண்டிய தசையோ அதன் கால்களில் சிறிதளவே உள்ளது.

வெப்பத்தை உண்டாக்குவதில் இத்துணை எளிய நிலையில் உள்ள குஞ்சு, அதை இழப்பதில் மட்டும் பெரிய கோழியை மிஞ்சி நிற்கிறது. உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிட அதன் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும் என்பது வடிவக் கணக்கின் எளிய விதி. சுமார் 40 கிராம் எடையுள்ள பண்ணைக் குஞ்சையும் 1.8 கிலோ எடையுள்ள கோழியையும் இவ்விதிப்படி ஒப்பிட்டால், ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குஞ்சு மூன்றரை மடங்கு மிகுதியான பரப்பின் வழியாக வெப்பத்தை இழப்பது புலப்படும். நாட்டுக்கோழிக் குஞ்சு இதனினும் சிறியதாதலால் அதன் நிலை இன்னும் கடினம். மேலும், குஞ்சின் உடலைப் போர்த்தியிருப்பது இறகு அன்று, மென்தூவியே. தூவி உலர்ந்திருக்கும்வரை அதன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வெப்பத்தைக் காக்கும். நனைந்துவிட்டாலோ அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அசையாத காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த குஞ்சு, மார்கழிப் பனியில் உலர்ந்து நிற்கும் குஞ்சைவிட விரைவில் மடிகிறது. மழைக்காலச் சாவைக் குளிர்ச்சாவாக எவரும் கணக்கில் எழுதுவதில்லை என்பது வேறு செய்தி.

தாய்க்கோழி இச்சிக்கலைத் தீர்க்கும் முறை நுட்பமானது. அடையில் உட்காரும் கோழியின் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, தோல் தடித்து, அதன் அடியில் இரத்தக் குழாய்கள் பெருகி, உடலின் வெப்பத்தை நேரடியாக முட்டைக்குக் கடத்தும் இறகற்ற திட்டு ஒன்று உருவாகிறது. இதனை அடைத்திட்டு எனலாம். இருபத்தோரு நாள்கள் முட்டையைக் காத்த அதே திட்டு, பொரித்த பின்னர்க் குஞ்சுகளின் முதுகைக் காக்கிறது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது: தாய்க்கோழி குஞ்சுகளை நாள் முழுதும் சூட்டிலேயே வைத்திருப்பதில்லை. சிறிது நேரம் மேயவிட்டு, அவை குளிர்ந்து கீச்சிடத் தொடங்கியதும் உட்கார்ந்து சிறகைத் தாழ்த்துகிறது. முதுகு சூடேறிய குஞ்சு தானே வெளியே வருகிறது. வெம்மையும் குளிர்மையும் மாறி மாறிக் கிடைக்க, எப்போது எதை நாடுவது என்னும் முடிவு குஞ்சின் கையில் விடப்படுகிறது. மாலையானதும் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடும் நாட்டுப்புற வழக்கம் பூனைக்கும் கீரிக்கும் அஞ்சி எழுந்தது என்றாலும், குஞ்சுகளைத் தாயின் அடியிலேயே நிறுத்தி, காற்றோட்டத்தையும் மூங்கில் இடைவெளிகளின் வழியே விட்டுவைப்பதால், இரவுக் குளிருக்கும் அதுவே தக்க ஏற்பாடாக அமைந்துவிட்டது.

தாயில்லாமல் பொரிக்கும் கலை மிகப் பழமையானது. எகிப்தியர் பல நூற்றாண்டுகளாக மண்சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்தனர். தாயில்லாமல் வளர்ப்பதுதான் கடினமாக இருந்தது. வெப்பமானிக்குத் தம் பெயரால் ஓர் அளவுமுறை வழங்கிய பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், 1749-இல் வெளியிட்ட நூலில், குதிரைச் சாணத்தின் புளிப்புச் சூட்டில் முட்டை பொரிக்கும் முறையோடு, பொரித்த குஞ்சுகளுக்கு ஒரு செயற்கைத் தாயையும் விவரித்தார். உட்புறம் ஆட்டுத்தோல் ஒட்டி, மேற்கூரை ஒருபுறம் தாழ்ந்து சரியும் பெட்டி அது. சிறிய குஞ்சு தாழ்ந்த பக்கத்திலும் சற்றே வளர்ந்த குஞ்சு உயர்ந்த பக்கத்திலும் புகுந்து, கம்பளி மயிரில் முதுகை அழுத்திக் கொள்ளலாம். குஞ்சுக்கு வெப்பம் மேலிருந்து, முதுகின் வழியே வரவேண்டும் என்பதையும், தனக்கேற்ற இடத்தை அது தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். இன்றைய மின்சாரக் கருவிகள் பலவும் இதற்கு மேல் புதிதாக எதையும் கூறிவிடவில்லை.

பொரிப்பகத்திலிருந்து வரும் ஒருநாள் குஞ்சுக்குப் பயணத்தைத் தாங்கும் வலிமை இருப்பதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். பொரிப்பதற்குச் சற்று முன் முட்டையின் எஞ்சிய மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்த உள்ளுணவு இரண்டு மூன்று நாள்கள் அதனைத் தாங்கும். அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளை அஞ்சலில் ஏற்றுச் செல்ல முடிந்தது இதனால்தான். ஆனால் அப்பெட்டிகளில் குஞ்சுகள் நெருங்கி அடைந்து ஒன்றன் வெப்பத்தை மற்றொன்று பெற்றன என்பதையும், மஞ்சள் கரு உணவுக்கு ஈடாகுமே அன்றி வெப்பத்திற்கு ஈடாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குளிரில் வாடிய குஞ்சு மஞ்சள் கருவைச் சரிவர உறிஞ்சிக்கொள்வதில்லை; தாயிடமிருந்து வந்த நோயெதிர்ப்புப் பொருள்களும் அதனுள்ளேயே உள்ளன. முதல் இரவின் குளிர் இரண்டாம் வாரத்தின் நோயாக வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

குளிருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கோழியைக் கொண்டே உலகுக்குக் காட்டியவர் லூயி பாஸ்டர். அடைப்பான் நோய்க் கிருமியைச் செலுத்தினாலும் கோழிகள் இயல்பாக அந்நோய்க்கு ஆளாவதில்லை. கிருமியைச் செலுத்திய கோழியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி அதன் உடல் வெப்பத்தை நான்கைந்து டிகிரி தாழ்த்தியபோது அது நோயுற்று இறந்ததையும், கிருமி செலுத்தப்படாமல் நீரில் மட்டும் நிறுத்தப்பட்ட கோழி பிழைத்ததையும் 1878-இல் அவர் பாரிஸ் மருத்துவக் கழகத்தின் முன் எடுத்துக்காட்டினார். கிருமியேறிக் குளிரூட்டப்பட்ட கோழியை உரிய நேரத்தில் நீரிலிருந்து எடுத்துச் சூடேற்றினால் அது தேறியது என்பதே இவ்வாய்வின் சிறப்பான பகுதி. உடல் வெப்பம் ஒன்றே காரணம் என்ற அவர் விளக்கம் முழுமையானதா என்பது ஒருபுறம் இருக்க, குளிர் தானாகக் கொல்வதைவிட மிகுதியாக, வேறொன்று கொல்வதற்கு வாயிலைத் திறந்துவிடுகிறது என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது. குளிரால் வாடிய குஞ்சுகளின் ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்வதும், கொப்பூழ் வீங்குவதும் கண்டு மருந்து தேடி ஓடுவோர், முதலில் குஞ்சுகள் நிற்கும் இடத்தின் வெப்பத்தை அளந்து பார்ப்பது நன்று.

செயற்கை வெப்பம் அளிப்பதைப் பண்ணையாளர் புரூடிங் என்றே வழங்குகின்றனர். அதற்கான அமைப்பு புரூடர் எனப்படும். முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி வெப்பம் இருக்கவேண்டும் என்பதும், ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்து வந்து, 21 டிகிரியை நெருங்கும்போது நிறுத்திவிடலாம் என்பதும் பொதுவிதி. சுவரில் ஆள் உயரத்தில் மாட்டிய வெப்பமானி இதற்குச் சான்றாகாது. சூடான காற்று மேலே ஏறிவிடுவதால், அங்கே 32 காட்டும் இரவில் தரையில் 25-க்கும் குறைவாக இருக்கலாம். தகரத்தாலோ அட்டையாலோ 45 சென்டிமீட்டர் உயரத்தில் வட்டமாக வளைத்துக் கட்டும் தடுப்பு, குஞ்சுகள் வெப்பத்தைவிட்டு விலகிப் போகாமலும், தரையோடு வீசும் காற்று அவற்றைத் தாக்காமலும் காக்கிறது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டம் 200 முதல் 250 குஞ்சுகளுக்கு முதல் சில நாள்கள் போதும். பின்னர் நாளுக்கு நாள் விரித்து, ஒரு வாரம் பத்து நாளில் எடுத்துவிடவேண்டும். தடுப்பு வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: குளிரில் நெருக்கியடிக்கும் குஞ்சுகள் மூலையைக் கண்டால் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், அடியில் உள்ளவை மூச்சுத் திணறி இறக்கும். குளிர் கொன்றதாகக் கூறப்படும் குஞ்சுகளில் பல இவ்வாறு நெரிசலில் மடிந்தவையே.

வெயிற்காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு ஒரு வாட், பனிக்காலத்தில் இரண்டு வாட் எனக் கணக்கிட்டு விளக்குகளை அமைப்பது தமிழகத்தில் பரவிய முறை. குண்டு பல்புக்கு மாற்றாக எல்.இ.டி. விளக்கை மாட்டுவோர் உண்டு; ஒளியை மிகுதியாகவும் வெப்பத்தை மிகக் குறைவாகவும் தருவதே அவ்விளக்கின் சிறப்பாதலால், இவ்விடத்தில் அச்சிறப்பே குறையாகிறது. ஒரே பெரிய விளக்கைக் காட்டிலும் சிறியவை சில இருப்பது நலம். ஒன்று அவிந்தாலும் மற்றவை காக்கும். கயிற்றில் அன்றிச் சங்கிலியில் அவற்றைத் தொங்கவிடவேண்டும். உமியின் மேல் விழும் ஒரு விளக்கு கொட்டகையையே எரித்துவிடக் கூடும். எவ்வாறாயினும், வட்டத்தின் நடுவே வெம்மையும் ஓரத்தில் குளிர்மையும் இருக்குமாறு அமைக்கவேண்டுமே அன்றி, எங்கும் ஒரே சூடாக நிரப்பிவிடக் கூடாது. தாய்க்கோழி அளித்த தேர்வுரிமையை விளக்கும் அளிக்கவேண்டும். அவ்வாறு அளித்தால், வெப்பமானி கூறாததையும் குஞ்சுகள் கூறிவிடும்: விளக்கின் அடியில் குவிந்து ஓயாமல் கீச்சிட்டால் வெப்பம் போதவில்லை, ஓரத்தில் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் மிகுந்துவிட்டது, ஒருபுறமாகவே ஒதுங்கினால் எதிர்ப்புறத்திலிருந்து காற்று புகுகிறது, பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் எல்லாம் சரியாக உள்ளது.

மின்தடை நேரும் ஊர்களில் மண்பானையில் தணல் இட்டு வைப்பது பழைய மாற்றுவழி. தீங்கற்ற முறையாகத் தோன்றினும், மூடிய கொட்டகையில் கரித்தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற வாயு, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அழித்து, ஓர் இரவிலேயே குஞ்சுகளையும், உடன் படுத்துறங்கும் காவலாளியையும் மாய்த்துவிடக் கூடியது. தணல் வைக்கும் இடத்தில் கூரையோரம் திறந்திருப்பது கட்டாயம். தரையில் உமி, நிலக்கடலைத் தோல், மரத்தூள் ஆகியவற்றுள் ஒன்றைக் கூளமாக இரண்டு மூன்று அங்குலம் பரப்புவது வெறும் தூய்மைக்காக அன்று. சிமெண்டுத் தரை குஞ்சின் அடிவயிற்று வெப்பத்தை உறிஞ்சாமல் அது தடுக்கிறது. குஞ்சுகள் வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே விளக்கை ஏற்றி, கூளமும் குடிநீரும் சூடேறியிருக்கச் செய்யவேண்டும். குளிர்ந்த நீரைப் பருகும் குஞ்சு, அந்நீரைத் தன் உடல் வெப்பத்திற்கு உயர்த்தவும் சேமிப்பைச் செலவழிக்கிறது. வெல்லம் கரைத்த நீரும், மஞ்சளும், சின்ன வெங்காயமும் தருவதில் பிழையில்லை. அவை விளக்கின் வேலையைச் செய்யா.

வளர்ந்த கோழியிடம் வரும்போது கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. ஐந்தாறு வாரங்களில் இறகு மூடிய பின், அதன் உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அமைப்பாகிறது. இறகைச் சிலிர்த்துக் காற்றுப் போர்வையைத் தடிப்பாக்குகிறது. தலையைச் சிறகினுள் செருகுகிறது. உட்கார்ந்து கால்களை வயிற்றிறகால் மூடிக்கொள்கிறது. இறகற்ற கால்களுக்குச் செல்லும் சூடான இரத்தமும், அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் எதிரெதிராக ஓடுவதால், கீழிறங்கும் வெப்பம் பாதி வழியிலேயே மேலேறும் இரத்தத்திற்கு மாறிவிடுகிறது. வெப்பநாட்டுக் காட்டுக்கோழியின் வழியில் வந்த பறவை பனிநாடுகளில் வாழ்வது இவற்றால்தான். அமெரிக்க மருத்துவர் பிரின்ஸ் டி. வுட்ஸ் 1912-இல் வெளியிட்ட நூலில், முன்புறம் முழுவதும் திறந்த கொட்டகைகளே எல்லாத் தட்பவெப்பங்களுக்கும் ஏற்றவை என வாதிட்டார். பனி பொழியும் நாட்டில் எழுந்த இவ்வாதம், 20 டிகிரி இரவுக்கு அஞ்சிக் கொட்டகையை மூடுவோர் சிந்திக்கத்தக்கது.

மூடுவதன் தீமை ஈரத்தில் உள்ளது. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனமும் அதைப்போல் இருமடங்கு நீரும் கொள்கிறது. முட்டையில் சேரும் சிறு பங்கு நீங்கலாக, அந்நீர் எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டகைக்கே திரும்புவதால், 100 கோழிகள் நாள்தோறும் 15 லிட்டருக்குக் குறையாத நீரைக் காற்றிலும் கூளத்திலும் சேர்க்கின்றன. மூடிய படுதா அதை வெளியேற விடுவதில்லை. நனைந்த கூளத்தில் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைத்து அமோனியாவை எழுப்புகின்றன. அது பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் கண்ணும் மூச்சுக்குழாயும் புண்படத் தொடங்கும். சளி நோய்கள் எளிதில் பற்றும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகளும் அவ்வீரத்தில் முதிர்கின்றன. விடியற்காலையில் கொட்டகையினுள் நுழைபவர் குனிந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சிழுத்துப் பார்க்கவேண்டும். கண் கரித்தால் படுதாவைத் திறக்கும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். கையில் பிடித்த கூளம் உருண்டையாகத் திரண்டு நின்றாலும் அவ்வாறே. கீழே மூடி, மேலே ஓர் அடியாவது திறந்துவைப்பதே முறை. தாழ்வாக வீசும் காற்று தடுக்கப்பட, சூடேறிய ஈரக்காற்று மேல்வழியே வெளியேறும்.

எல்லாக் கோழிகளும் குளிரை ஒரே அளவில் தாங்குவதில்லை என்பதும் உண்மை. கழுத்தில் இறகற்ற நாட்டுக்கோழி வகை, உடலெங்கும் இறகு குறைந்தது. வெயிலுக்கு வரமான அவ்வியல்பு மலைக்குச் சென்றால் குறையாகும். உறைபனி நாடுகளில் முதலில் கருகுவது கோழியின் கொண்டையும் தாடியுமே. கனடாவின் ஓக்கா மடத்துத் துறவியாகிய வில்ஃப்ரெட் ஷாத்தலேன், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொண்டையும் தாடியும் மிகச் சிறுத்த ஷாண்டக்ளேர் என்னும் இனத்தை இதனை எண்ணியே உருவாக்கினார்; அவ்வினம் 1918-இல் வெளியிடப்பட்டது. தமிழகத்தில் வளர்க்கப்படும் அசில் கோழிக்கும் கொண்டை சிறிது. ஆனால் சண்டைக்கெனத் தேர்ந்து வளர்க்கப்பட்ட அதன் இறகு உடலோடு ஒட்டி அடர்த்தி குறைந்திருப்பதால், குளிருக்கு ஏற்ற கோழி என அதைக் கொள்ள இயலாது.

கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகமண்டலம் போன்ற இடங்களில் இறைச்சிக்கோழி வளர்ப்போர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. குளிரில் உடல் மிகுதியாக எரிய, அதற்கு மிகுதியான உயிர்வளி தேவைப்படுகிறது. மலைக்காற்றிலோ உயிர்வளி குறைவு. விரைந்து வளரும் இக்கோழியின் நுரையீரல் ஈடுகொடுக்க இயலாமல், இதயத்தின் வலப்பக்கம் சுமை மிகுந்து விரிந்து, இறுதியில் வயிற்றில் நீர் கோத்து இறப்பு நேர்கிறது. இங்கு மட்டும், வளர்ந்த கோழிக்கும் ஓரளவு வெப்பம் அளிப்பது வீண்செலவாகாது.

தீவனத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும்: குளிரில் கோழி மிகுதியாக உண்ணும்; உண்பதில் ஒரு பங்கு முட்டையாகாமல் வெப்பமாகும்; மாலையில் சிறிது மக்காச்சோளமோ கம்போ தந்தால் செரிமானத்தின் வெப்பம் இரவில் உதவும். பனிக்காலத்தில் முட்டை குறைவதற்குக் குளிரே காரணம் என்று எண்ணுவது பொருந்தாது. பகல் குறுகுவதே முதன்மைக் காரணம். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர ஒளி வேண்டியிருக்க, மார்கழியில் பகல் பன்னிரண்டு மணியையும் எட்டுவதில்லை. வெப்ப விளக்கை ஏற்றியபின் முட்டை கூடினால், அது பெரும்பாலும் அவ்விளக்கின் ஒளிக்கு உரிய பயனாகும்.

பின்னிரவு மூன்று மணிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பொழுதே குளிர் மிகுந்தது. மின்சாரம் நின்றதும், விளக்கு அவிந்ததும், காற்று திசைமாறியதும் அப்போதுதான் குஞ்சுகளிடம் தெரியும். ஆகவே குஞ்சு வளர்ப்போர் முதல் வாரத்து இரவுகளில் அந்நேரத்தில் ஒருமுறை எழுந்து சென்று பார்க்கவேண்டும். ஏழாம் வாரத்துக் கோழிக்காக எழவேண்டியதில்லை; சமவெளியில் அதன் மேல் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, படுதாவை ஓர் அடி இறக்கிவிடலாம்.